தொட்டியில் ஏன் பால் இல்லை? மனித இயல்பும் நாம் கூட்டாகச் செய்யும் தவறுகளும்

"மனுஷன் புத்தியே அப்படித்தான்." ஆறு நஞ்சானாலும், காடு அழிந்தாலும், நேற்றுவரை பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த இரண்டு கூட்டங்கள் இன்று அடித்துக்கொண்டாலும், பேச்சு கடைசியில் இந்த வரியில் வந்து நின்றுவிடுகிறது. சொல்பவர் பெரும்பாலும் மனம் நொந்துதான் சொல்கிறார். ஆனால் அதைச் சொன்னபின் பேச ஒன்றும் மிச்சமில்லை. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று தீர்ந்துவிட்டால், வாலைப் பற்றி யோசித்து என்ன ஆகப்போகிறது?

எதிர்த்தரப்பிலும் இதே போல ஒரு வரி உண்டு. "அடிப்படையில் எல்லோரும் நல்லவர்கள். ஒவ்வொருவரும் திருந்தினால் உலகம் தானாகத் திருந்தும்." கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் கோடிக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் திருந்தும் நாளுக்காகக் காத்திருக்கச் சொல்கிறது.

இரண்டு வரிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு: ஒரு கூட்டம் கெட்ட காரியம் செய்தால் அதில் இருப்பவர்கள் கெட்டவர்கள், நல்ல காரியம் செய்தால் நல்லவர்கள். இந்தக் கணக்கு தப்பு. எங்கே தப்பு என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

## முதலில், இயல்பு என்றால் என்ன?

இயல்பு என்பதை இந்தக் கட்டுரையில் ஒரே பொருளில் பயன்படுத்துகிறேன்: யாரும் சொல்லித்தராமலே நம்மிடம் இருக்கும் சாய்வுகள். தொலைவில் இருக்கும் பெரிய ஆபத்தைவிடக் கண்ணெதிரே இருக்கும் சின்ன ஆபத்து நம்மை அதிகம் பயமுறுத்துகிறது. தெரிந்த முகங்களைச் சட்டென்று நம்புகிறோம். பிறர் செய்வதைப் பார்த்து நாமும் செய்கிறோம். அநியாயம் கண்டால் கோபம் வருகிறது, நமக்கு அதில் நஷ்டம் இல்லாவிட்டாலும்கூட. இவற்றில் எதையும் நல்லது, கெட்டது என்று தனியே பிரித்து வைக்க முடியாது. பிறரைப் பார்த்துச் செய்யும் சாய்வால்தான் குழந்தை பேசக் கற்கிறது. கும்பல் கல்லெறிவதும் அதே சாய்வால்தான்.

சரி, சாய்வு பிறவியிலேயே இருக்கிறது என்றால் அதன் விளைவும் மாறாது என்றுதானே அர்த்தம்? இல்லை. நினைவாற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். மறதி நம் இயல்பு. போன மாதம் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதுகூட மறந்துபோகிறது. ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் மெசபடோமியாவில் களிமண் பலகையில் கணக்கு எழுதத் தொடங்கினார்கள். மூளை மாறவில்லை, மறதியும் போகவில்லை. ஆனால் மறதியால் வந்த தகராறுகளில் பெரும்பங்கு தீர்ந்தது. இயல்பு மாறுமா என்பது ஒரு கேள்வி. அந்த இயல்போடு நன்றாக வாழ வழி உண்டா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை இரண்டாவதற்கும் ஒட்டிவிடுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

## இருட்டில் ஊற்றிய குடம்

சின்ன வயதில் பலரும் கேட்ட கதை ஒன்று உண்டு. ராஜா பெரிய தொட்டி ஒன்றைக் கட்டி, விடிவதற்குள் வீட்டுக்கு ஒரு குடம் பால் ஊற்ற வேண்டும் என்று ஆணையிடுகிறார். "இத்தனை பேர் பால் ஊற்றும்போது நான் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று நினைத்து ஒருவன் தண்ணீர் ஊற்றுகிறான். ஊரில் எல்லோரும் அப்படியே நினைத்திருந்தார்கள். விடிந்து பார்த்தால் தொட்டி முழுக்கத் தண்ணீர்.

மனிதர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்பதற்கு உதாரணமாகத்தான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. தண்ணீர் ஊற்றியவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகத்தான் ஊற்றினார்களா?

ஒருவன் பாலை மிச்சம் பிடிக்கப் பார்த்தான். இன்னொருவன் வேறு மாதிரி யோசித்திருக்கலாம்: "பால் ஊற்ற எனக்குச் சம்மதம்தான். ஆனால் ஊரே தண்ணீர்தான் ஊற்றப்போகிறது. நான் மட்டும் ஏன் ஏமாளி ஆக வேண்டும்?" முதலாமவனைச் செலுத்தியது ஆசை. இரண்டாமவனைச் செலுத்தியது ஏமாந்துபோவோமோ என்ற பயம். காலையில் தொட்டியைப் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தண்ணீர் தண்ணீர்தான். ஆனால் இந்த இரண்டு பேரையும் மாற்றத் தேவைப்படுவது முற்றிலும் வேறு வேறு. ஆசைக்காரனுக்குக் கண்காணிப்பு வேண்டும். பயந்தவனுக்கு, மற்றவர்களும் பால்தான் ஊற்றுகிறார்கள் என்ற உறுதி கிடைத்தாலே போதும்.

இப்போது "மனுஷன் புத்தியே அப்படித்தான்" என்ற வரியை அந்த ஊருக்குள் விட்டுப் பாருங்கள். ஆசைக்காரன் அதனால் மாறப்போவதில்லை. பயந்தவர்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது. ஊர் தண்ணீர்தான் ஊற்றும் என்று எத்தனை பேர் நம்புகிறார்களோ, அத்தனை குடங்கள் கூடுதலாகத் தண்ணீராகின்றன. உலகத்தை வெறுமனே வர்ணிப்பது போலத் தோன்றும் அந்த வரி, உலகத்தை மாற்றவும் செய்கிறது, தவறான திசையில். இதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

இந்த மாதிரி நிலைமைக்குப் பெயர் கூட்டுச் செயல் சிக்கல். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் எடுத்த முடிவும் அவரவருக்கு நியாயமாகவே இருக்கிறது. எல்லா முடிவுகளும் சேரும்போது எல்லோருக்கும் நஷ்டம். பிறர் போட்ட உழைப்பில் தன் பங்கைச் செலுத்தாமல் பயன் அடைவது ஓசிச் சவாரி.

ஆசையே இல்லாமலும் இந்தச் சிக்கல் வரும். அரங்கில் உட்கார்ந்து நிகழ்ச்சி பார்க்கிறோம். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் இருப்பவருக்கு எழுவதைத் தவிர வழியில்லை. சற்று நேரத்தில் அரங்கே நிற்கிறது. கால் வலிக்கிறது, ஆனால் யாருக்கும் முன்பைவிட நன்றாகத் தெரியவில்லை. யாரும் தனியாக உட்காரவும் முடியாது. இதில் கெட்டவர் யார்?

## சோதனைக்கூடத்தில் அதே தொட்டி

இந்தக் கதையை ஆய்வாளர்கள் ஒரு விளையாட்டாக மாற்றியிருக்கிறார்கள். நான்கு பேர், ஆளுக்கு 20 காசு. அவரவர் விரும்பிய அளவு பொதுப்பெட்டியில் போடலாம், மீதியைத் தானே வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் விழும் ஒவ்வொரு காசும் 1.6 ஆகப் பெருகி, நால்வருக்கும் சமமாகப் பிரிக்கப்படும். அதாவது நீங்கள் போடும் ஒரு காசில் உங்களுக்குத் திரும்பி வருவது 0.4 மட்டும். எல்லோரும் முழுதாகப் போட்டால் எல்லோருக்கும் 32. நீங்கள் மட்டும் போடாமல் மற்ற மூவரும் போட்டால் உங்களுக்கு 44. இதைப் பல சுற்றுகள் தொடர்ந்து ஆடச் செய்வார்கள்.

மனிதன் முழுச் சுயநலக்காரன் என்றால் முதல் சுற்றிலேயே பெட்டி காலியாக இருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. முதல் சுற்றில் சராசரியாகக் கைக்காசில் பாதி அளவுக்குப் போடுகிறார்கள். மனிதன் முழு நல்லவன் என்றால் அது தொடர வேண்டும். அதுவும் நடப்பதில்லை. சுற்றுக்குச் சுற்று குறைந்து, கடைசியில் பெட்டி ஏறக்குறைய வறண்டுபோகிறது.

ஏன் இப்படி? சுவிட்சர்லாந்தில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகப் பிரித்துப் பார்த்தது. "மற்றவர்கள் இவ்வளவு போட்டால் நீங்கள் எவ்வளவு போடுவீர்கள்?" என்று ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியே கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர், மற்றவர்கள் கூட்டினால் தாங்களும் கூட்டினார்கள், குறைத்தால் தாங்களும் குறைத்தார்கள். இதற்கு நிபந்தனை ஒத்துழைப்பு என்று பெயர்: "நீ செய்தால் நானும் செய்வேன்." ஏறக்குறைய 30 சதவீதம் பேர் யார் என்ன செய்தாலும் எதுவும் போடவில்லை. அதே ஆய்வில் வெளிவந்த இன்னொரு சின்ன விவரம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நிபந்தனையோடு ஒத்துழைப்பவர்களும் மற்றவர்கள் போடும் அளவுக்குச் சரிசமமாகப் போடவில்லை, ஒரு மாற்றுக் குறைவாகவே போட்டார்கள். அந்தச் சின்னக் குறைச்சல் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகிறது. ஓசிச் சவாரிக்காரர்கள் அந்தச் சரிவை விரைவுபடுத்துகிறார்கள். பெட்டி வறண்டுபோக எல்லோரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை.

வேறு சில சோதனைகளில் ஆட்டத்தில் ஒரே ஒரு விதியைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், யார் எவ்வளவு போட்டார்கள் என்பது தெரியும். தன் கைக்காசைச் செலவழித்து, போடாதவருக்கு அபராதம் விதிக்கலாம். அபராதம் விதிப்பவருக்கு அதனால் லாபம் இல்லை, நஷ்டம்தான். இருந்தும் பலர் விதித்தார்கள். எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கேக்டர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் 2000இலும் 2002இலும் வெளியிட்ட இந்தச் சோதனைகளில், சரிந்துகொண்டிருந்த பெட்டி மறுபடி நிறையத் தொடங்கியது. இரண்டு வகை ஆட்டத்தையும் ஆடியவர்கள் அதே ஆட்கள். மாறியது விதி மட்டும்.

இதையும் உடனே மந்திரக்கோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2008இல் வெளியான ஆய்வொன்று இதே ஆட்டத்தை உலகின் 16 நகரங்களில் ஆடச் செய்தது. சில இடங்களில் அதிகம் போட்டவர்களுக்கே அபராதம் விழுந்தது! சட்டத்தின் மீது நம்பிக்கை குறைவாக இருந்த சமூகங்களில் இது அதிகம். தண்டிக்கும் அதிகாரம் எல்லோர் கையிலும் இருப்பது மட்டும் போதாது, எதற்குத் தண்டிக்கிறோம் என்பதில் ஊருக்கு ஓர் உடன்பாடு வேண்டும்.

இதுவரை பார்த்தது: மனிதரில் பெரும்பகுதியினர் தியாகிகளும் இல்லை, திருடர்களும் இல்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நடப்பவர்கள். எதைப் பார்க்க முடிகிறது, எதைப் பார்க்க முடியவில்லை என்பதைப் பொறுத்து அதே ஆட்கள் பாலும் ஊற்றுவார்கள், தண்ணீரும் ஊற்றுவார்கள்.

## எல்லோரும் மௌனமாக இருக்கும்போது

பக்கத்தில் பார்த்து நடப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரும் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

1968இல் பிப் லாட்டனே, ஜான் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பும்போது சுவரின் துவாரம் வழியாகப் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். கூட இரண்டு பேர் உட்கார்ந்து, புகையைக் கண்டும் காணாதது போல இருந்தபோது (அவர்கள் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆட்கள்) தகவல் சொன்னவர்கள் 10 சதவீதம்தான். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே படிவத்தை நிரப்பினார்கள். "இவர்கள் பதறவில்லையே, அப்படியானால் ஆபத்து இல்லை போல" என்று ஒவ்வொருவரும் மற்றவரின் அமைதியைத் தகவலாக எடுத்துக்கொள்கிறார்கள். மனதுக்குள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம் இருக்க, வெளியில் யாரும் காட்டாததால் அந்தச் சந்தேகம் தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைப்பது கூட்டு அறியாமை.

கூட்டம் என்றாலே கல்மனம் என்று இதை வைத்து முடிவுகட்டியவர்கள் பலர். அதுவும் சரியில்லை. மூன்று நாடுகளின் நகரங்களில் கண்காணிப்புக் கேமராவில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், பத்தில் ஒன்பது சம்பவங்களில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆபத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் ஆட்கள் வருகிறார்கள். குழப்பமாக இருக்கும்போதுதான் மௌனம் ஜெயிக்கிறது.

மௌனத்தின் விலை சில சமயம் பயங்கரம். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினைச் சேர்ந்த டெனரிஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மேலெழத் தொடங்கிய விமானத்தின் அறைக்குள், எதிர் விமானம் பாதையைவிட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் சந்தேகம் எழுப்பினார். மூத்த விமானி விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றது. மூத்தவரை மறுத்துப் பேசத் தயங்குவது எந்த ஒருவரின் குறையும் இல்லை. மனிதர் கூடும் இடமெல்லாம் இருக்கும் சாய்வு. விமானத்துறை அதைப் பழித்துக்கொண்டு நிற்கவில்லை. சந்தேகம் வந்தால் இளையவர் எப்படிச் சொல்ல வேண்டும், மூத்தவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதையே பயிற்சியாக்கியது. 1980களில் தொடங்கி உலகெங்கும் விமானிகள் இதைக் கற்றுத்தான் பறக்கிறார்கள். இன்றைய இளம் விமானிக்கும் தயக்கம் இருக்கும். ஆனால் பேசுவது இப்போது மரியாதைக் குறைவு ஆகாது, அது அவருடைய வேலை.

## தனியாக விட முடியாததைச் சேர்ந்து விடுவது

சீனாவில் பெண் குழந்தைகளின் பாதங்களை இறுகக் கட்டி, எலும்பு ஒடியும் அளவுக்குச் சிறிதாக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. மகள் வலியில் துடிப்பதைப் பெற்ற தாய் விரும்பியா கட்டியிருப்பாள்? ஆனால் பாதம் கட்டாத பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடக்காது. ஒரு குடும்பம் மட்டும் நிறுத்தினால் அந்தக் குழந்தையின் வாழ்க்கைதான் வீணாகும். அரங்கில் எல்லோரும் நிற்கும்போது ஒருவர் மட்டும் உட்கார முடியாத அதே நிலை, கொடூரமான வடிவத்தில்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே உருவான எதிர்ப்புச் சங்கங்கள் பெற்றோரிடம் இரட்டை உறுதிமொழி வாங்கின: எங்கள் மகளின் பாதத்தைக் கட்டமாட்டோம், எங்கள் மகனுக்குப் பாதம் கட்டிய பெண்ணை எடுக்கமாட்டோம். இந்த இரண்டாவது பாதியில்தான் விஷயமே இருக்கிறது. முதல் பாதி தியாகம் கேட்கிறது. இரண்டாவது பாதி அந்தத் தியாகத்துக்கான தேவையை நீக்குகிறது, ஏனென்றால் சங்கத்துக்குள்ளேயே மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பெய்ஜிங்குக்குத் தெற்கே ஒரு கிராமப்புற வட்டாரத்தில் கிடைத்த கணக்குப்படி, 1889இல் 99 சதவீதமாக இருந்த வழக்கம் 1919இல் இல்லாமலே போயிருந்தது. 30 ஆண்டுகளில் மனித இயல்பு மாறிவிடுமா என்ன? பெற்றோரின் பாசமும், மகளின் எதிர்காலம் குறித்த கவலையும் அப்படியேதான் இருந்தன. முன்பு கட்டச் சொன்ன அதே கவலைதான் பிறகு கட்டாதே என்றும் சொன்னது.

## மேய்ச்சல் நிலமும் மீன்களும்

1968இல் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைச் சேர்ப்பார்கள், கடைசியில் நிலம் அழியும் என்பது அதன் சாரம். யாருக்கும் தனிச் சொந்தமில்லாமல் பலரும் பயன்படுத்தும் நிலம், நீர், மீன், காடு போன்றவை பொதுவளம். பொதுவளம் என்றாலே நாசம்தான் என்று அந்தக் கட்டுரையை வைத்து ஒரு தலைமுறையே நம்பியது.

அது சில இடங்களில் உண்மைதான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் சுமார் 500 ஆண்டுகளாகப் பிடிக்கப்பட்டது. பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தபின் மீன் வளம் சரிந்து, 1992இல் அரசு மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 30,000 பேர் வேலை இழந்தார்கள். அந்தத் தடை 2024 வரை நீடித்தது.

ஆனால் எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அரசியல் அறிவியலாளர் வேறு கேள்வி கேட்டார்: அழியாத பொதுவளங்களே இல்லையா? தேடிப் பார்த்தால் நிறைய இருந்தன. சுவிட்சர்லாந்தின் டொர்பெல் என்ற மலைக் கிராமத்தில் 1517ஆம் ஆண்டு விதி ஒன்று: குளிர்காலத்தில் உன் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாடுகளைத்தான் கோடையில் பொது மலையில் மேய விடலாம். கோடைக்கு மட்டும் வெளியிலிருந்து மாடு வாங்கிவந்து மேய்க்க முடியாது. குளிர்காலம் முழுக்க யார் தொழுவத்தில் எத்தனை மாடு என்பது ஊருக்கே தெரியும். மீறினால் அபராதம், அதில் பாதி அபராதம் விதித்த ஊர் அதிகாரிக்கே.

ஸ்பெயினின் வலென்சியாவில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறுகளைத் தீர்க்க, விவசாயிகள் தாங்களே தேர்ந்தெடுத்த நீதிமன்றம் வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் கூடுகிறது. வழக்கறிஞர் இல்லை, எல்லாம் வாய்மொழிதான். பல நூற்றாண்டுகளாக நடக்கிறது, இன்றும் நடக்கிறது. இத்தகைய முறைகளில் ஆஸ்ட்ரம் கவனித்த ஓர் அழகான விஷயம் உண்டு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் இடங்களில் அடுத்த முறைக்காரர் வாய்க்காலோரம் காத்திருப்பார். முன்னவர் நேரம் கடந்து பாய்ச்சினால் முதலில் அவர் கண்ணில்தான் படும். தனியாகக் காவலாளி வேண்டாம். காத்திருப்பதே காவல்.

யாருக்கு உரிமை உண்டு என்ற எல்லை, பயன்படுத்துபவர்களே வகுத்த விதி, மலிவான கண்காணிப்பு, முதல் தப்புக்குச் சிறிய தண்டனை, மீண்டும் மீண்டும் செய்தால் பெரிய தண்டனை. நீடித்த இடங்களில் எல்லாம் இவை திரும்பத் திரும்பத் தென்பட்டன. 2009இல் ஆஸ்ட்ரமுக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். ஹார்டினும் 1998இல், தான் சொன்னது மேலாண்மை இல்லாத பொதுவளத்தைப் பற்றித்தான் என்று திருத்திக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் திருத்தம் அசல் அளவுக்குப் பரவவில்லை என்பதுதான் வருத்தம்.

சுருக்கமாக: 'மனித இயல்பால் தவிர்க்க முடியாதது' என்று சொல்லப்பட்ட அழிவு, யாரும் யாரையும் பார்க்க முடியாத, பேச முடியாத, விதி வகுக்க முடியாத இடத்தில்தான் தவிர்க்க முடியாதது.

## நாம், அவர்கள்

இவ்வளவு சொன்னபின் ஒன்றை மறைத்தால் அது நேர்மையாகாது. ஒத்துழைக்கும் திறன் எப்போதும் நல்லதற்கே பயன்படுவதில்லை. போர் என்பது ஒத்துழைப்பு இல்லாததால் வருவது என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரு படையைத் திரட்டி, சோறு போட்டு, ஒரே திசையில் நடத்திச் செல்ல வேண்டிய ஒத்துழைப்பு அசாத்தியமானது. "நீ செய்தால் நானும் செய்வேன்" என்பதில் அந்த 'நீ' யார் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில், முன்பின் தெரியாத 22 சிறுவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து ஒரு முகாமில் வைத்தார் உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப். போட்டிகள் வைத்ததும் கொடி எரிப்பு, தங்குமிடச் சூறை என்று பகை முற்றியது. இரண்டு அணிகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தது பலிக்கவில்லை. முகாமின் தண்ணீர் நின்றுபோனபோது, இரண்டு அணிகளும் சேர்ந்தால்தான் சரிசெய்ய முடியும் என்ற வேலைகள் வரவர, பகை தணிந்தது. பிரபலமான கதை இது. முந்தைய ஆண்டு அவர் நடத்திய இதே மாதிரி முகாமில் சிறுவர்கள் சண்டை போட மறுத்துவிட்டார்கள் என்பது அவ்வளவு பிரபலம் ஆகவில்லை. பெரியவர்கள் தங்களை மூட்டிவிடுகிறார்கள் என்று அந்தச் சிறுவர்கள் கண்டுகொண்டார்கள்.

## உலகம் முழுக்க ஒரே தொட்டி

கிராமம் சரி, நாடுகளுக்கு இடையே? அங்கே ராஜாவும் இல்லையே?

பெரியம்மை இதற்கு ஒரு பதில். பனிப்போர் உச்சத்தில் இருந்த 1958இல், உலகம் முழுக்கப் பெரியம்மையை ஒழிக்கலாம் என்ற யோசனையை உலகச் சுகாதார அமைப்பில் வைத்தது சோவியத் ஒன்றியம். ஒருவர் மேல் ஒருவர் அணுகுண்டைக் குறிவைத்திருந்த இரு வல்லரசுகளும் இதில் கைகோத்தன. இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை 1977இல் சோமாலியாவில். 1980 மே மாதம் நோய் ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது.

ஓசோன் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் உள்விசை தெளிவாகத் தெரியும். குளிர்சாதனங்களிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள், சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கக்கூடும் என்று 1974இல் வேதியியலாளர்கள் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே படலம் மெலிந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று உலகின் எல்லா நாடுகளும் அதில் இருக்கின்றன.

இது ஏன் நடந்தது? ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு இந்தப் பொருள்களை வணிகம் செய்ய முடியாது என்று ஒரு விதி இருந்தது. வெளியே நின்று ஓசிச் சவாரி செய்வதில் லாபம் இல்லை. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம் கிடைத்தது, 1990இல் மாறுவதற்கான செலவுக்கென்று ஒரு பொது நிதியும் உருவானது. "நாங்கள் மட்டும் ஏன் ஏமாளி ஆக வேண்டும்?" என்ற கேள்விக்கு அது பதில். இந்த வாயுக்களைத் தயாரித்தவை சில நிறுவனங்கள்தான், மாற்றுப்பொருள்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பால் கதையின் ஆசைக்காரனுக்கும் பயந்தவனுக்கும் தனித்தனியே வழி செய்த ஒப்பந்தம் இது.

கரியமில வாயுவில் இதே வேகம் வராததற்குக் காரணமும் இங்கேயே தெரிகிறது. அது சில ஆலைகளிலிருந்து மட்டும் வருவதில்லை. மின்சாரம், போக்குவரத்து, சிமென்ட், உழவு என்று எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. செலவு இன்றைக்கு, பயன் பேரப்பிள்ளைகளுக்கு. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே வைத்துக்கொள்கிறது. தவறினால் அபராதம் கிடையாது. மனிதர்கள் 1987இல் நல்லவர்களாக இருந்து 2015இல் கெட்டுப்போனார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொட்டி பெரிது, வெளிச்சம் குறைவு.

## ஒருமுறை வென்றால் போதுமா?

போதாது. சாய்வுகள் எங்கேயும் போகவில்லை என்று முதலிலேயே பார்த்தோம். அணை கட்டியபின் நீரின் அழுத்தம் குறைந்துவிடுவதில்லையே, அது போல. தட்டம்மைத் தடுப்பூசி போடுவது குறைந்த இடங்களில் தட்டம்மை திரும்பி வருகிறது.

ஓசோன் ஒப்பந்தத்திலும் இது நடந்தது. தடைசெய்யப்பட்ட வாயுக்களில் ஒன்றான சி.எஃப்.சி-11 காற்றில் எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்று 2018இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உலகில் எங்கோ யாரோ மறுபடி தயாரிக்கிறார்கள் என்று அதிலிருந்து தெரிந்தது. 2019இல் கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள அளவீட்டு நிலையங்களின் பதிவுகளைக் காற்றின் திசையோடு சேர்த்துப் பார்த்து, அந்த அதிகரிப்பில் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். அதற்குள் விஷயம் வெளியே வந்து, அங்கே சோதனைகளும் நடவடிக்கைகளும் தொடங்கியிருந்தன. 2021இல் வெளியான கணக்கு, வெளியேற்றம் மீண்டும் பழைய அளவுக்கு இறங்கியதைக் காட்டியது. அந்த நிலையங்கள் இப்போதும் காற்றை அளந்துகொண்டிருக்கின்றன.